காலையில் பால்போல், மதியம் தெளிவு: ஹைட்ராலிக் எண்ணெயில் என்ன கோளாறு?

துவாஸ் ஃபிட்டர்:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு பட்டறையில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ் பராமரிக்கிறேன். டேங்க் 200 லிட்டர், எண்ணெய் 46 கிரேடு (பாகுத்தன்மை எண்). மூன்று வாரங்களாகத் திங்கட்கிழமை காலையில் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறது, பம்ப் கரகரக்கிறது. மதியம் 60 டிகிரி ஏறியதும் தெளிந்துவிடுகிறது. "இன்னும் சூடாக்கினால் சரியாகிவிடும்" என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள்.

ஜூரோங் பழைய கை:
தம்பி, அந்தத் தெளிவை நம்பாதீர்கள். சூடான எண்ணெய் கூடுதல் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறியதும் தாங்காமல் நுண்துளிகளாகக் கக்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை. காலையிலேயே ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் காற்றுக்குமிழி. மேலே தெளிந்து அடியில் நீர் தங்கினால் சந்தேகமே வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரம்தான் காரணமாக இருக்கும்; எண்ணெய் ஆறிச் சுருங்கும்போது டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது.

எண்ணெய்ச் சோதகர்:
அண்ணன் சொன்ன கரைதல் விளக்கம் சரி. ஈரக்காற்று மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. எண்ணெய் 1 டிகிரிக்கு ஏறத்தாழ 0.07 சதவீதம் விரியும். 30 டிகிரி ஆறினால் 200 லிட்டரில் சுருங்குவது 4 லிட்டர் சொச்சம். ஈரம் நிறைந்த காற்றே ஆனாலும் அதில் வருவது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு நீர். சிலிண்டர் அசையும்போது டேங்க் இழுக்கும் காற்றைச் சேர்த்தாலும் இவ்வளவு வெளுக்காது.

எண்ணெயை ஆற்றும் கூலர் தண்ணீரில் ஓடுவதா? வார இறுதியில் பிரஸ் நின்றாலும் அந்த நீர் ஓடுகிறதா? கூலர் குழாயில் ஓட்டை இருந்தாலும், பிரஸ் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரை அண்டவிடாது. நின்றதும் நீரின் கை ஓங்கி, எண்ணெய்க்குள் புகுந்துவிடும்.

துவாஸ் ஃபிட்டர்:
ஐயா, அதேதான்! கூலிங் டவர் நீர் மற்ற இயந்திரங்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. யாரும் எண்ணெய் ஊற்றாமலே டேங்கில் மட்டம் ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. குப்பியிலும் அடியில் நீர். கூலரைக் கழற்றி நீரில் மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுத்தேன். ஒரு குழாயின் முனையில் குமிழி வந்தது. அதை அடைத்துவிட்டு இதே எண்ணெயைக் காய்ச்சி ஓட்டலாமா?

ஜூரோங் பழைய கை:
காற்றின் மேல் பழி போட்டது என் தவறு. காய்ச்ச வேண்டாம், தம்பி. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். குளிர்ந்திருக்கும்போதே முழுவதும் வடித்து, டேங்க் அடியைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். கரகரத்த பம்ப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.