எம்.பி.ஏ. நிராகரிப்பு: மறு விண்ணப்பத்தில் எதை முதலில் திருத்துவது?

எம்.பி.ஏ. சேர்க்கையின் இரண்டாம் சுற்றில் நான் விண்ணப்பித்த மூன்று வணிகப் பள்ளிகளும் நிராகரித்துவிட்டன. அவற்றில் ஒன்று மட்டும் நேர்காணல் வரை அழைத்தது. வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் என் மதிப்பெண் 805-க்கு 665. மென்பொருள் துறையில் 6 ஆண்டு அனுபவம். காரணம் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, தனிப்பட்ட கருத்துரை வழங்குவதில்லை என்ற இரண்டு வரிப் பதிலே வந்தது.

கட்டுரைகளை மீண்டும் வாசித்தபோது, ‘நாங்கள் செய்தோம்’ என்று பக்கமெங்கும் இருக்கிறதே தவிர, நானாக எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. பரிந்துரைக் கடிதம் தந்த மேலாளரும் என்னுடன் நான்கு மாதமே பணியாற்றியவர் (பதவியைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்தது என் தவறுதான்). ஜிமேட் மதிப்பெண்ணோ 5 ஆண்டுகள் செல்லுபடியாகும்.

அடுத்த விண்ணப்பத்துக்கு முன் உள்ள ஆறு மாதத்தில், தேர்வை மீண்டும் எழுதுவதா, அல்லது ஒரு குழுவை வழிநடத்தும் பொறுப்பை ஏற்று, அதை நேரில் கண்ட மேலாளரிடம் பரிந்துரை பெறுவதா, எதற்கு முன்னுரிமை தரலாம்?