புதுத் தொட்டி, மீன்கள் மேலேயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன செய்ய?

தாம்பரம்தொட்டி:
வணக்கம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. ஸ்பாஞ்ச் பில்டர் ஓடுகிறது. கொளத்தூரில் நாலு கோல்ட் ஃபிஷ் வாங்கி வந்து, தண்ணீர் நிரப்பிய மறுநாளே விட்டோம். இப்போது தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது. காலையில் ஒன்று செத்துவிட்டது, மற்ற மூன்றும் மேலேயே நிற்கின்றன, செவுள் ரத்தச் சிவப்பாகத் தெரிகிறது. கடையில் கேட்டால் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, பில்டரைக் குழாயில் நன்றாகக் கழுவி, நீல மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா? பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள், இதையாவது காப்பாற்ற வேண்டும்.

செவுள்:
பில்டரைக் குழாயில் கழுவாதீர்கள், நீல மருந்தும் வேண்டாம். முதலில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கட்டும். அபார்ட்மென்ட் சம்ப் என்றால் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள், மெட்ரோ தண்ணீரிலும் குளோரின் உண்டு, அதனால் ஆன்டி குளோரின் கலந்தே ஊற்றுங்கள். இன்றும் நாளையும் தீனி போட வேண்டாம், கோல்ட் ஃபிஷ் அதைத் தாங்கும்.

நடப்பது இதுதான். மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது, மிச்சத் தீனியும் கழிவும் அழுகி அதையே கூட்டுகின்றன. பழைய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்கும். உங்கள் தொட்டியில் இரண்டும் இன்னும் வளரவில்லை, வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவை பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டித்தான் வாழும், அதனால்தான் தண்ணீரை மாற்றினால் போகாது, ஆனால் குளோரின் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவினால் செத்துவிடும். அந்த நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் புளூவாக இருக்கும். பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், ஆனால் இந்தப் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். பால் மாதிரி கலங்கலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது தானாகத் தெளியும். அம்மோனியாதான் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

மொட்டைமாடிகப்பி:
மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போனால் அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றும் போட்டுவிடுங்கள், மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் நல்லது. கொஞ்ச நாளில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். ஆபத்து போய்விட்டது என்று பலர் நிம்மதியாவது அப்போதுதான், ஆனால் நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. அந்த நேரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து விடுங்கள், உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாமல் தடுக்கும். உப்பு ஆவியாகாது, அதனால் அடுத்த முறை மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும் போட்டால் போதும்.

தாம்பரம்தொட்டி:
பாதி மாற்றியதும் கொஞ்சம் கீழே இறங்கி நீந்துகின்றன! கிட்டும் வாங்கிவிட்டேன். மாற்றிய பிறகும் அம்மோனியா 2 (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டுகிறது, நைட்ரைட் இல்லை, பிஎச் 8. எங்களுக்கு போர் தண்ணீர்தான். கேன் தண்ணீர் ஊற்றி பிஎச்சைக் குறைக்கலாமா?

செவுள்:
வேண்டாம் சகோ, பிஎச் திடீரென்று இறங்குவதும் மீனுக்கு அடிதான். ஆனால் 8 என்பதால் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அம்மோனியாவில் ஒரு பங்குதான் கொடிய விஷம், பிஎச் 7-ல் அது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, 8-ல் கிட்டத்தட்ட பத்து மடங்காகும். 2 என்பது அதிகம். இன்று இரவு இன்னொரு முறை பாதி, நாளையிலிருந்து தினமும் அளந்து பார்த்து 0.5-ஐத் தாண்ட விடாமல் மாற்றிக்கொண்டே வாருங்கள். போர் தண்ணீரையும் தனியாக ஒரு முறை அளந்துவிடுங்கள், அதிலேயே அம்மோனியா இருந்தால் கணக்கே மாறிவிடும்.

தெரிந்தவர் வீட்டில் நோய் நொடியில்லாத பழைய தொட்டி இருந்தால் அங்கே ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காய விடாமல் அந்தத் தண்ணீரிலேயே வைத்துக் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குப் பக்கத்தில் போடுங்கள். கடையில் புட்டியில் விற்கும் பாக்டீரியாவை நான் இவ்வளவு நம்ப மாட்டேன்.

கோமெட்பிரியர்:
அந்தத் தொட்டியில் ஐம்பது லிட்டர்தான் பிடிக்கும். ஒன்று செத்த வருத்தத்தில் உடனே போய் இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். கோல்ட் ஃபிஷ் நிறையக் கழியும், பெரிதாகவும் வளரும், இந்த மூன்றுக்கே பின்னாளில் பெரிய தொட்டி வேண்டும். தீனியை மறுபடி ஆரம்பிக்கும்போது இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு வேளை மட்டும்.

தாம்பரம்தொட்டி:
மேல் வீட்டுக்காரர் ஸ்பாஞ்ச் தருவதாகச் சொல்லிவிட்டார், ரொம்ப நன்றி. தொட்டி தயாராகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

செவுள்:
வழக்கமான தீனி போட்டும் ஒரு வாரம் முழுக்க அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்றால் தயார். அதன் பிறகு வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் அந்தக் கழிவுத் தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள்.