கோத்தகிரியில் ஆன்லைன் கேம் ஆட போர்ட்டலா, ஸ்டீம் டெக்கா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் ஒரே டிவிதான். சாயங்காலம் அது அம்மாவுக்கும் பாட்டிக்கும். கோவையில் இருக்கும் மாமா பையன் அந்த நேரத்தில்தான் ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் கேம் ஆடக் கூப்பிடுவான். நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசுவதே அப்போதுதான், அதை விட மனமில்லை.

டிவி இல்லாமல் கையில் வைத்தே ஆடும் பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 8 அங்குலத் திரை. ஆனால் கேம் ஓடுவது கூடத்தில் இருக்கும் பிஎஸ்5-இல் (பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி), படம் மட்டும் வைஃபை வழியாக வரும். இணைய வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 15 வேண்டும் என்கிறது சோனி. வேகம் எங்களுக்குப் போதும், கவலை கரண்ட்தான். ஐப்பசி மழையில் மரம் கம்பிமேல் விழுந்தால் மணிக்கணக்கில் வராது. ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடும். பிஎஸ்5 அணைந்துவிடும், அதோடு ஆட்டமும் போச்சு.

ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கணினி தன் பேட்டரியிலேயே கேமை ஓட்டும், சரி. ஆனால் அதன் லினக்ஸ் இயங்குதளத்தில் ஃபோர்ட்நைட் நேரடியாக ஓடாது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற இன்னொரு கையடக்கக் கருவியில் ஓடும், ஆனால் பிஎஸ்5-க்கு வாங்கிய மற்ற கேம்கள் அதில் வராது.

குன்னூர், ஊட்டிப் பக்கம் போர்ட்டல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பழைய கல் சுவர் தாண்டி அடுத்த அறையில் படம் திக்குகிறதா? ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும் பிஎஸ்5-ஐ வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டியவர்கள் உண்டா? எவ்வளவு நேரம் தாங்கியது?