20 டாலருக்குள் ஆஸ்திரேலிய சிவப்பு ஒயின் கலவைகள்: எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி (மெல்பர்னிலிருந்து)

வணக்கம். நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடி ஒயின் சுவைத்துப் பார்க்கிறோம். அடுத்த முறை ஆஸ்திரேலிய சிவப்புக் கலவைகள் மட்டும்தான், பாட்டில் 20 டாலரைத் தாண்டக்கூடாது என்று முடிவு. கேபர்நே ஷிராஸும் (அந்த இரண்டு திராட்சைகளின் கலவை) இருக்கும், ஜிஎஸ்எம்மும் (கிரெனாஷ், ஷிராஸ், மட்டாரோ என்ற மூன்று திராட்சைகளின் கலவை) இருக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கலாமா? கொடுத்த காசுக்குத் தகுமா என்பதை எப்படி அளப்பது? விலை தெரிந்தாலே "12 டாலருக்கு இது போதாதா?" என்று எல்லாரும் மதிப்பெண்ணை வாரிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பதில் (அடிலெய்டு)

தம்பி, முதலில் விலையை மறையுங்கள். சுவைக்காத ஒருவர் பாட்டில்களைக் காகிதப் பையில் சுற்றி எண் போடட்டும். இங்கே ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் இருந்த 20 மதிப்பெண் முறை வீட்டுக்கும் பொருந்தும்: நிறத்துக்கு 3, வாசனைக்கு 7, வாயில் தெரிவதற்கு 10. 15.5 எடுத்தால் வெண்கலம், 17 வெள்ளி, 18.5 தங்கம். இப்போது போட்டிகள் பெரும்பாலும் 100க்கு மாறிவிட்டன. ஆனால் வீட்டு மேசையில் 88க்கும் 89க்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மதிப்பெண்ணை விலையால் வகுக்காதீர்கள், எப்போதும் மலிவானதே ஜெயிக்கும். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே "கடையில் இதற்கு நான் எவ்வளவு கொடுப்பேன்" என்று எழுதட்டும். பையைப் பிரித்ததும் எழுதிய தொகைக்கும் உண்மை விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நீங்கள் தேடுவது அதுதான்.

இரண்டு வகையையும் கலக்க வேண்டாம். மென்மையான ஜிஎஸ்எம் முதலில், கேபர்நே ஷிராஸ் பிறகு. கேபர்நேயில் முன்னால் பழம் தெரியும், கடைசியில் துவர்ப்பு பிடிக்கும், நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தை ஷிராஸ் நிரப்புகிறது. ஆஸ்திரேலியாவின் சொந்தக் கலவை என்று நான் பெருமையாகச் சொல்வது இதைத்தான். பென்ஃபோல்ட்ஸ் கம்பெனி 1962இல் தென் ஆஸ்திரேலியாவின் கூனவாரா ஊர் கேபர்நேயையும் பரோஸா ஊர் ஷிராஸையும் சேர்த்துச் செய்த "பின் 60ஏ" (Bin 60A) என்ற ஒயின் இன்றும் பேசப்படுகிறது. அதே கம்பெனி 1960இல் தொடங்கிய "பின் 389" (Bin 389) இப்போது 100 டாலருக்கு மேல், உங்கள் பட்டியலுக்கு வராது.

20 டாலருக்குள் நான் முதலில் கை வைப்பது தென் ஆஸ்திரேலியாவின் லாங்ஹோர்ன் கிரீக் ஊர் ஒயினில். அலெக்ஸாண்ட்ரினா ஏரிக் காற்று அந்த ஊரைக் குளிர்விக்கிறது, கேபர்நே அங்கே முரட்டுத்தனம் இல்லாமல் பழுக்கிறது. பெரிய கம்பெனிகள் காலங்காலமாக அங்கிருந்து பழம் வாங்கித் தங்கள் கலவைகளில் சேர்த்தன. பரோஸா அளவுக்குப் பெயர் பரவாததால் விலையும் ஏறவில்லை.

லேபிளில் "தென்கிழக்கு ஆஸ்திரேலியா" என்று மட்டும் இருந்தால் பழம் எந்த ஊர் என்றே தெரியாது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குயின்ஸ்லாந்திலும் தென் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பகுதியும் அதற்குள் அடக்கம். கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதே விலைக்கு ஊர் பெயர் போட்டது கிடைத்தால் அதை எடுங்கள்.

பதில் (சிட்னி)

அக்கா சொன்னதோடு ஒன்று. லேபிளில் முதலில் வரும் திராட்சைதான் கலவையில் அதிகம், சட்டமே அப்படி. ஷிராஸ் முதலில் இருந்தால் கிரெனாஷின் மணத்தை எதிர்பார்க்காதீர்கள். க்ளீன்ஸ்கின், அதாவது கம்பெனி பெயர் போடாத பாட்டில்களையும் ஒரு கை பாருங்கள். சீனா ஆஸ்திரேலிய ஒயின்மீது போட்ட 200 சதவீதத்தைத் தாண்டிய வரியால் சிவப்பு ஒயின் விற்காமல் தேங்கிக் கிடந்தது, 2024 மார்ச்சில்தான் வரி நீங்கியது. அதனால் இந்தப் பாட்டில்களில் சில சமயம் நல்ல சரக்கு மாட்டும்.

பதில் (அடிலெய்டு)

மாட்டும்தான், ஆனால் அடுத்த மாதம் அதே ஒயினைத் தேடினால் கிடைக்காது.

ஜிஎஸ்எம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 1980களில் தென் ஆஸ்திரேலிய அரசு காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னபோது எத்தனையோ பழைய கிரெனாஷ் போய்விட்டது. மிஞ்சிய கொடிகள்மேல் எனக்குத் தனிப் பாசம். மலிவு விலை ஜிஎஸ்எம்மில் இரண்டு குறைகளைக் கவனியுங்கள்: ஜாம் மாதிரி இனிப்பு, தொண்டையில் ஆல்கஹால் சூடு. மட்டாரோ சரியாகச் சேர்ந்திருந்தால் மண்வாசமும் துவர்ப்பும் வந்து இரண்டையும் அடக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா. மட்டன் சுக்காவை எப்போது எடுத்து வைக்கலாம்?

பதில் (அடிலெய்டு)

எல்லாரும் எழுதி முடிக்கும்வரை அடுப்படியிலேயே இருக்கட்டும். காரம் பட்ட நாக்குக்கு ஆல்கஹால் இன்னும் சுடும். கோடையில் வைப்பதானால் பாட்டில்களை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாளியும் வையுங்கள், கார் ஓட்டுகிறவர்கள் துப்பட்டும். 14.5 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில் எட்டரை ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) இருக்கிறது. மிச்சத்தைத் திருகி மூடி, மறுநாள் விலை எழுதிய தாளோடு மறுபடி ருசியுங்கள். 15 டாலர் பாட்டில் அப்போதும் வாசம் குறையாமல் நின்றால் ஒரு பெட்டியாகவே வாங்கிவிடுங்கள்.