தங்கச்சிக்கு +1 குரூப்: கணக்கை விடலாமா?

தங்கச்சிமடம்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான், இப்போது பத்தாவது முடித்துவிட்டாள். அறிவியலில் 93, கணக்கில் 71. மேக்ஸ்-பயாலஜி குரூப்புக்குக் கணக்கில் 75 வேண்டும், இல்லையென்றால் தாவரவியல்-விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் மாமா மகனோ கம்ப்யூட்டர் குரூப்பில் போடு, வேலை கிடைக்கும் என்கிறான்.

அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். கொண்டுவரும் மரிக்கொழுந்துப் பாசியைக் காயப்போடுவதற்கு முன்னால் இவள் உட்கார்ந்து பிரிப்பாள், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிப்பி, நத்தையை எல்லாம் எடுத்து நோட்டில் வரைந்து பக்கத்தில் தேதி போட்டு வைப்பாள். மூன்று நோட்டு ஆகிவிட்டது. மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போனதிலிருந்து அங்கேதான் வேலை பார்ப்பேன் என்கிறாள். அதற்குக் கணக்கு வேண்டுமா? மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை அப்பா கடலுக்குப் போக முடியாது, அதனால் டியூஷனுக்கு இப்போதைக்குப் பணம் கட்டவும் வழியில்லை. நான் பி.காம். படித்தவள், எனக்கு இது எதுவும் புரியவில்லை.

ராம்நாடு_கணக்கு_வாத்தியார்:

அம்மா, 71 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள், அந்த 29 மார்க் எங்கே போனது என்று பாருங்கள். பத்தாவது தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டு, ஆக 16 மார்க். அதை வாங்கிவிட்டு இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் விட்டிருந்தால் கவனிக்க வேண்டும், ஏனென்றால் +1 கணக்கு முழுக்க அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. அந்த இரண்டும் நன்றாகத் தெரிந்து, அவசரத்தில் ஒரு மார்க் கேள்விகளில் கோட்டை விட்டிருந்தால் பயப்படவே வேண்டாம். திருப்புதல் தேர்வுத் தாள்கள் வீட்டில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அவள் ஆசைப்படும் படிப்புக்கு வருகிறேன். மீன்வள அறிவியல் பட்டம், பி.எஃப்.எஸ்சி., நான்கு வருஷம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இருக்கிறது. அதற்கு உயிரியல் பக்கம் கட்டாயம். ஆகவே கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் அந்த வழி அப்போதே அடைபட்டுவிடும். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் பொறியியல் பி.டெக். இருக்கிறது, அதற்குக் கணக்கு வேண்டும். மேக்ஸ்-பயாலஜி எடுத்தால் இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம். அப்புறம், பியூர் சயின்ஸில் போனால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். +1 இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிடும், கணக்கு வகுப்பு இல்லாத பிள்ளைகள் அங்கே திணறுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, எத்தனை பிடித்தால் அடுத்த வருஷமும் மிஞ்சும் என்று மதிப்பிடுவது மண்டபத்தில் அவள் பார்த்த நிலையத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று, அது முழுக்கக் கணக்கு.

தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். அந்த நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கீழக்கரை_கப்பல்:

என் கதையைச் சொல்கிறேன். கணக்கு வராது என்று நானே முடிவு பண்ணி, நீட் எழுதலாம் என்று பியூர் சயின்ஸ் எடுத்தேன். இரண்டு தடவை எழுதினேன், கிடைக்கவில்லை. வாப்பா கப்பலில் இருந்தவர், சரி, நாமும் கப்பலுக்குப் போகலாம் என்று பார்த்தால், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் கப்பல் ஓட்டும் படிப்பான நாட்டிகல் சயின்ஸுக்கும் மரைன் இன்ஜினியரிங்குக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 60 சதவீதம் கேட்டார்கள், அதற்கு மேல் நுழைவுத் தேர்வு வேறு. +2-வில் கணக்கே இல்லாதவன் அந்த விண்ணப்பத்தை என்ன செய்வது? இப்போது சார்ஜாவில் ஒரு கிட்டங்கியில் வேலை பார்க்கிறேன். கணக்கையும் உயிரியலையும் சேர்த்து எடுத்தவன் பின்னால் எந்தப் பக்கமும் போகலாம், கணக்கை விட்டவன் திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம். இதை எனக்குப் பதினைந்து வயதில் யாரும் சொல்லவில்லை.

உச்சிப்புளி_பொண்ணு:

கணக்கு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், ப்ளீஸ். நானும் மேக்ஸ்-பயாலஜிதான். +1-இல் எங்கள் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியரே கிடையாது, பாதி வருஷம் ஓடிப்போனது. +2-வில் கணக்கு 52, இயற்பியல் 68, வேதியியல் 74. இன்ஜினியரிங் கட் ஆஃபில் கணக்கு அப்படியே நூற்றுக்கு வரும், மற்ற இரண்டும் பாதிதான், ஆக 52, 34, 37, மொத்தம் 200-க்கு 123. நான் கேட்ட எந்தப் பிரிவும் கிடைக்கவில்லை. கடைசியில் விலங்கியல் படித்தேன், அதற்குக் கணக்கு எடுத்திருக்கவே வேண்டாம், அந்த நேரத்தை உயிரியலில் போட்டிருந்தால் நல்ல மார்க் வந்திருக்கும். அக்கா, அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

ராம்நாடு_கணக்கு_வாத்தியார்:

உச்சிப்புளித் தங்கை சொல்வது நூற்றுக்கு நூறு சரி, நான் சொல்லாமல் விட்டது அதுதான். எல்லை, வகையீடு, தொகையீடு மூன்றும் +1 புத்தகத்தில்தான் இருக்கின்றன. +2 புத்தகத்தில் வகையீடும் தொகையீடும் நேரே பயன்பாட்டில் ஆரம்பித்துவிடும், யாரும் திரும்பிப் போய் நடத்த மாட்டார்கள். +1-ஐ ஓட்டிவிட்டு +2-வில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த பிள்ளைகள்தான் ஐந்து மார்க் கேள்விகளைத் தொடாமல் வருகிறார்கள்.

இன்னொன்று. ஆறு முதல் +2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2021-இலிருந்து பொறியியல், வேளாண்மை, மீன்வளம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதனால் இந்தப் பள்ளியில் குரூப் கிடைக்கவில்லை என்று +1-க்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் கேளுங்கள், மண்டபத்திலோ பாம்பனிலோ இடம் இருக்கலாம்.

டியூஷன் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். சந்தேகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன்.

தங்கச்சிமடம்_அக்கா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே திருப்புதல் தேர்வுத் தாள் மூன்றையும் எடுத்துப் பார்த்தோம். வடிவியலும் வரைபடமும் முழு மார்க். இயற்கணிதமும் பரவாயில்லை. முக்கோணவியலில் மூன்று தாளிலும் ஐந்து மார்க் கேள்வியை எழுதவே இல்லை, ஏன் என்று கேட்டால் அந்தப் பாடம் நடக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல், இரண்டு வாரம் பள்ளிக்குப் போகவில்லை என்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது.

கணக்கு ஆசிரியர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். திங்கட்கிழமை அப்பாவும் நானும் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறோம். இவள் இப்போதே முக்கோணவியலை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள், கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இரண்டு படகுகளைப் பார்க்கிற கணக்கு ஒன்றில் இறக்கக் கோணத்தைப் படத்தில் எங்கே குறிப்பது என்று குழம்புகிறாள். சார், படம் எடுத்து இன்று ராத்திரியே அனுப்பலாமா?