கைவண்டி மறுநடைக்கு உடை விதி: 1856ஐ எவ்வளவு தூரம் பின்பற்றுவது?

தடம்பார்ப்பவர்:
அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஸ்வீட்வாட்டர் ஆற்றோரமாக ஜூலையில் மூன்று நாள் கைவண்டி மறுநடை. 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். 1856இல் வில்லி, மார்ட்டின் குழுக்களைச் சேர்ந்த மார்மன் என்ற மதப்பிரிவுக் குடியேறிகள் வண்டி இழுத்த அதே தடம். உடை விதி எழுத வேண்டும். என் வரைவு இது: வெளியே தெரிவதெல்லாம் அந்தக் காலத்து முறையில், பருத்தி, லினன், கம்பளி மட்டும், காலில் தோல் அடி வைத்த காலணி, பெண்களுக்குக் கணுக்காலை மறைக்கும் பாவாடையும் சன்பானட் என்ற துணித் தொப்பியும், ஆண்களுக்குத் தோள்வார் போட்ட கால்சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும். அந்த மக்கள் பட்டது உடம்பில் கொஞ்சமாவது உறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நடை. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

மேட்டுநிலம்:
காலணி விதியை முதலில் எடுங்கள். அக்காலத்துத் தோல் காலணியின் அடி வழுவழுப்பானது. காய்ந்த புல்லிலும் பாறைச் சரிவிலும் பிடிக்காது. புதுத் தோல் காலுக்குப் படிய வாரக்கணக்கில் ஆகும். கொப்புளத்துக்கு உராய்வு ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. ஆற்றைக் கடந்த பிறகு ஊறிய தோலுக்குள் ஊறிய காலுறையோடு நடந்தால் குதிகால் உரிந்துவிடும். ஏற்கெனவே பழகிய நடைக்காலணி, பழுப்போ கறுப்போ, போதும். உள்ளே மெல்லிய காலுறை, அதன்மேல் கம்பளிக் காலுறை, நாளுக்கு ஒரு மாற்று ஜோடி.

பாவாடை நீளமும் ஆபத்து. வண்டிச் சக்கரம் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம். பக்கத்தில் நின்று தள்ளுபவரின் துணி ஆரக்கால்களுக்கு ஒரு சாண் தள்ளித்தான் ஆடும். சிக்கினால் வண்டியை நிறுத்துவதற்குள் ஆள் கீழே விழுந்திருப்பார். மேடு ஏறும்போதோ முன்காலே ஓரத்தை மிதிக்கும்.

தடம்பார்ப்பவர்:
அயோவா நகரிலிருந்து சால்ட் லேக் நகரம் வரை சுமார் 2,000 கிலோமீட்டரை அந்தக் காலணியோடும் அந்தப் பாவாடையோடும்தானே நடந்தார்கள்? ஆளுக்கு 17 பவுண்டு, அதாவது 7.7 கிலோ மூட்டைதான் அனுமதி. துணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் அதற்குள். நாளுக்கு ஒரு மாற்றுக் காலுறை, பழகிய காலணி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு சாதாரண மலையேற்றம்.

ஊசிநூல்:
நீங்கள் இருவரும் 1856 என்று நினைப்பது விழாக்கடையில் விற்கும் உடையை. அந்த நடையாளர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க்கிலிருந்து வந்த உழைப்பாளிகள். வேலைக்கு உடுத்திய துணியோடுதான் வந்தார்கள். ரிவெட் அடித்த ஜீன்ஸுக்குக் காப்புரிமை 1873இல்; ஸ்டெட்சனின் புகழ்பெற்ற சமவெளித் தொப்பி 1865இல். கௌபாய் வேடம் இந்தத் தடத்தில் பொருந்தவே பொருந்தாது.

வேலைக்காரப் பெண்ணின் பாவாடை தரையைக் கூட்டாது, கணுக்கால் எலும்போடு நிற்கும். 1851லேயே முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடை, அடியில் தளர்ந்த கால்சட்டை என்று புளூமர் உடை வந்துவிட்டது. மேற்குத் தடங்களில் அதை அணிந்து நடந்த பெண்களும் உண்டு. எனவே “கணுக்காலை மறைக்க வேண்டும்” என்பது நீங்களாகச் சேர்த்த விதி.

தைக்கும் கணக்கு: 112 செ.மீ. அகலத் துணியில் மூன்று பட்டை, ஒவ்வொன்றும் 105 செ.மீ. ஆகச் சுமார் 3.2 மீட்டர். சுற்றளவு 3.3 மீட்டர் வரும். இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் எட்டு வைக்க முடியாமல் கால் கட்டும். நான்கைத் தாண்டினால் காற்று தூக்கும், சக்கரமும் இழுக்கும். தைத்து முடித்ததும் கீழ்ஓரம் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு வெட்டவே வேண்டாம்: 2.5 செ.மீ. ஆழத்தில் ஒரு டக், அதாவது துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடித்தால் நீளம் 5 செ.மீ. குறையும். இரண்டு டக் போட்டால் 10. வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் இப்படித்தான் தைத்தார்கள். அடுத்த ஆண்டு உயரமான பிள்ளைக்குக் கொடுக்கும்போது பிரித்துவிடலாம்.

மேட்டுநிலம்:
டக் யோசனைக்கு நன்றி, அதை விதியிலேயே எழுதலாம். ஆனால் பாவாடைக்குள் என்ன? தொடை உராய்வுதான் இரண்டாம் நாள் பாதிப் பேரை உட்கார வைக்கும். முழங்கால் வரை வரும் செயற்கை இழை விளையாட்டுக் கால்சட்டை வேர்வையைத் தேக்காது. வெளியே தெரியாததற்கு எதற்குக் காலக்கட்டுப்பாடு?

கரியடுப்பு:
சமையல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தீயருகே செயற்கை இழையை நான் அனுமதிக்க மாட்டேன். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். உள்ளாடையானாலும் மேலே பற்றினால் அதுதான் கதி. பருத்தியும் நல்லதில்லை, வேகமாகப் பற்றும், அதிலும் பஞ்சு எழும்பிய ஃபிளானல் இன்னும் வேகம். கம்பளி எளிதில் பற்றாது, தீயிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். அடுப்பருகே போகிறவர்கள் பாவாடையை ஒரு பக்கமாக இடுப்பில் செருக வேண்டும், கைமுனையில் பித்தான் போட வேண்டும், மேலே கெட்டி லினன் ஏப்ரன் கட்ட வேண்டும். ஏப்ரன் நாடா ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், முடிச்சு கூடாது.

மேட்டுநிலம்:
சரி, அப்படியானால் ஒரு பிரிவு வைப்போம்: நடக்கிறவர்களுக்கு செயற்கை இழை, சமைக்கிறவர்களுக்குப் பருத்தி.

கரியடுப்பு:
மாலையில் எல்லோரும் தீயைச் சுற்றித்தானே உட்காருகிறார்கள்? பிரிவு நிற்காது. முழங்கால் வரை மெல்லிய பருத்தி உள்கால்சட்டை போடட்டும், தொடையில் வாசலின் தடவட்டும்.

தடம்பார்ப்பவர்:
ஆக இழை விஷயத்தில் என் வரைவு நிற்கிறது. கம்பளியையும் கட்டாயமாக்கலாமா?

மேட்டுநிலம்:
பகலில் வேண்டாம். அங்கே ஜூலை மதியம் 30 டிகிரியைத் தாண்டும். காய்ந்த காற்றில் பருத்தி வேர்வையை உறிஞ்சி ஆறவிட்டு உடம்பைக் குளிர்விக்கும். அங்கே அது வரம். அதே பருத்தி பிற்பகல் இடிமழையில் நனைந்து, பொழுது சாய்ந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தடத்தின் உயரம் 1,800 மீட்டருக்கு மேல், ராக்கி ரிட்ஜ் மேட்டுக்குப் போனால் 2,200. இரவு சட்டென்று குளிரும்.

ஊசிநூல்:
அதனால்தான் ஆளுக்கு ஒரு கம்பளிச் சால்வை அல்லது கம்பளி மேல்சட்டை, எண்ணெய்த்துணியில் சுற்றி வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். தடம்பார்ப்பவரே, மூட்டை எடையைச் சொன்னீர்கள். மார்ட்டின் குழு வழியில் டீர் க்ரீக் என்ற ஓடையருகே எடையைக் குறைக்கத் துணியையும் படுக்கையையும் வீசிவிட்டு, பெரியவர்களுக்கு 10 பவுண்டு என்று சுருக்கியது அக்டோபர் 17 அன்று. 19ஆம் தேதி நார்த் பிளாட் ஆற்றைக் கடந்த அன்றே பனிப்புயல். எடையைக் குறைப்பது உண்மைத்தன்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கம்பளியோடு இந்தக் காலத்து மழைக்கோட்டும் வண்டியில் போகட்டும், மழை வரும்வரை வெளியே எடுக்க வேண்டாம்.

தடம்பார்ப்பவர்:
அதை ஏற்கிறேன், மழைக்கோட்டும் வரட்டும். சன்பானட்டை மட்டும் விடமாட்டேன். பிடரியை மறைக்கும் துணி அதில்தான் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும்.

மேட்டுநிலம்:
பிடரிக்கு நல்லது, கண்ணுக்குக் கெட்டது. அட்டைப் பட்டை செருகிய விளிம்பு இரு பக்கப் பார்வையையும் அடைத்துவிடும். பின்னால் வரும் வண்டியையும் பக்கத்துச் சக்கரத்தையும் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். இறக்கத்தில் அதற்கு நேரம் இருக்காது.

ஊசிநூல்:
வைக்கோல் தொப்பியும் அந்தக் காலத்ததே. விளிம்பு 8 செ.மீ., தாடைக்குக் கீழே நாடா, கழுத்தில் பருத்திக் கைக்குட்டை. வண்டியைத் தொடுகிறவர்களுக்கு இது. மற்றவர்கள் பானட் போடலாம்.

ஆண்களைப் பற்றி இன்னும் ஒரு வரி: பெல்ட் வேண்டாம். இழுக்கும்போது குறுக்குக் கம்பு வயிற்றில் அழுந்தும், பக்கிள் உறுத்தும். தோள்வாரில் கிளிப் போட்டால் குனிந்ததும் தெறிக்கும்; கால்சட்டை இடுப்பில் ஆறு பித்தான், கெட்டி நூலில், அடியில் சிறு துண்டுத்துணி வைத்துத் தையுங்கள்.

தடம்பார்ப்பவர்:
தொப்பி விதியை அப்படியே மாற்றுகிறேன். காலணியில் இன்னும் மனம் ஒப்பவில்லை. ஏற்கெனவே பழக்கிய தோல் காலணி வைத்திருப்பவரைத் தடுக்க மாட்டேன்.

மேட்டுநிலம்:
பழக்கியிருந்தால் சரி. புறப்படுவதற்கு முந்தின வாரம் அதையே நனைத்து, போட்டுக்கொண்டு, பாரம் ஏற்றிய வண்டியோடு 8 கிலோமீட்டர் நடக்கச் சொல்லுங்கள். குதிகால் சிவந்தால் வேறு காலணி. அதே நடையில் பாவாடை ஓரங்களையும் அளந்துவிடுங்கள், நனைந்த கெட்டித் துணி தொங்கி இரண்டு மூன்று செ.மீ. இறங்கும்.