காலையில் ஆயில் இழுக்காத பேரல் பம்ப்

நாமக்கல்லில் லாரி பட்டறை. 210 லிட்டர் பேரலில் இருந்து 90-ம் நம்பர் கியர் ஆயில் எடுக்க, கையால் சுற்றும் வார்ப்பிரும்பு ரோட்டரி பம்ப் வைத்திருக்கிறோம். 2 அங்குல வாய், மூன்று துண்டாக மாட்டும் உறிஞ்சு குழாய். போன வருடம் வாங்கியது. ஆடியில் இருந்துதான் இந்தத் தொல்லை.

சாயங்காலம் நன்றாக ஓடும். மறுநாள் காலை கைப்பிடி லேசாகச் சுற்றும், ஆயில் வராது. பம்புக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுற்றினால் இருமி இருமி நுரையோடு வரும், அப்புறம் சரியாகிவிடும். கூடவே தண்டுப் பக்கம் கசிவு. பேரல் தலையில் எப்போதும் பிசுக்கு. தரையில் சொட்டிப் பையன்கள் யாராவது வழுக்கி விழுவார்களோ என்பதுதான் பெரிய பயம்.

அடி வலையைக் கழற்றி டீசலில் கழுவியாயிற்று. தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் நட்டை இறுக்கினோம். கசிவு குறைந்தது, ஆனால் கைப்பிடி கனத்துவிட்டது. குழாய் மரைகளில் டெஃப்ளான் டேப் சுற்றினோம். பேரலின் சின்ன மூடியைத் தளர்த்தித்தான் எடுக்கிறோம், அதனால் உள்ளே காற்று போகாமல் இல்லை. கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். அது தெரியாதா நமக்கு!

பம்ப்பைப் பிரித்து, உள்ளே சுழன்று ஆயிலைத் தள்ளும் தகடுகளை (வேன்) மாற்ற வேண்டுமா, இல்லை ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைக் குழாய் அடியில் போட்டாலே போதுமா?